விழாத வண்டியும் ஏலத்தில் எடுத்த ஸ்டாண்டும்

ஜாக்கி ஸ்டாண்டில் தூக்கி நிறுத்திய வண்டி விழுந்ததை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வேலைக்காலம் முழுவதும் வண்டிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் நான். முகத்தில் சூடான ஆயில் சொட்டியிருக்கிறது. கண்ணில் துரு விழுந்திருக்கிறது. ஒரு தடவை சைலன்சருக்குள்ளிருந்து எலி ஓடி என் சட்டைக்குள் புகுந்தது. வண்டி மட்டும் விழுந்ததில்லை. இதையே எனக்கு எதிரான சாட்சியாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கடைசியாகச் சொன்னவன் பக்கத்து வீட்டு வில்சன். குவைத்தில் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டுத் திரும்பியவன். போனில் வீடியோ பார்த்து, சொந்தக் காருக்குத் தானே பிரேக் மாற்றப் போகிறானாம். நல்லதுதான், கைவேலை யாருக்கும் ஆகாததில்லை. ஆன்லைனில் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு வரவழைத்து என் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து வைத்தான்.

"அண்ணாச்சி, இத ஒண்ணு பாரும். மூணு டன்னுன்னு போட்டிருக்கு."

பார்த்தேன். மூன்று டன் என்று பெரிதாகவும், அது இரண்டும் சேர்ந்து தாங்குகிற எடை என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தது. கால்களின் தகடு பிஸ்கட் டின் தகடு மாதிரி இருந்தது. நான்கு கால்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. தண்டை உயர்த்திப் பிடியை விட்டால், உள்ளே இருக்கும் பல் முழுசாக விழாமல் பாதியில் தங்கியது. அந்தப் பல் நழுவினாலும் தாங்குவதற்குக் குறுக்கே ஒரு ஊசி போடுவார்கள், அதுவும் இல்லை. திருப்பி அனுப்பு என்றேன்.

"நீரு எதுக்கெடுத்தாலும் கொறைதான் சொல்லுவீரு. நேராவே கேக்கேன். ஸ்டாண்டுல இருந்து வண்டி விழுந்து நீரு பாத்திருக்கீரா?"

"இல்ல."

"பின்ன?" என்றான் வில்சன்.

இந்தப் 'பின்ன'வுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜாக்கி என்பது வண்டியைத் தூக்குவதற்கு மட்டும். தூக்கியதைத் தாங்கிப் பிடிப்பது அதன் வேலை அல்ல. உள்ளே ஒரு வாஷர் கிழிந்தால் எண்ணெய் வடிந்து வண்டி இறங்கிவிடும், யார் அடியில் கிடக்கிறார் என்று அது பார்க்காது. தாங்குவதற்கு இருப்பது ஸ்டாண்டு. அகன்ற கால்கள், நடுவில் ஏறி இறங்கும் ஒரு தண்டு, அதன் தலையில் ஒரு கவை. அவ்வளவுதான். இதைவிட எளிய சாமான் ஒர்க்‌ஷாப்பில் கிடையாது. அதனாலேயே இதை யாரும் மதிப்பதும் கிடையாது.

நான் தொழில் படித்தது நாகர்கோவிலில். அடி வாங்கிப் படித்தேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மஸ்கட் போனேன். அங்கே போர்மேன் பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு பட்டாணியர். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. எங்களுக்கிடையே இருந்தது ஒரே ஒரு வார்த்தை, "ஹிலாவ்". ஆட்டு என்று அர்த்தம். வண்டியை ஸ்டாண்டில் இறக்கியதும், அடியில் போகுமுன் நாலு பக்கமும் இடுப்பைக் கொடுத்து ஆட்ட வேண்டும். விழுகிற வண்டி ஆள் இல்லாதபோதே விழட்டும் என்பது அவர் கணக்கு. ஆட்டிய பிறகு ஜாக்கியையும் எடுக்க விடமாட்டார், லேசாகத் தொட்டபடி அதுவும் நிற்க வேண்டும். கழற்றிய டயரைச் சும்மா சுவரில் சாய்த்து வைத்தால் காலால் உதைத்து வண்டிக்கு அடியில் தள்ளுவார். எல்லாம் போய் வண்டி விழுந்தாலும் டயர் கனத்துக்கு இடம் மிஞ்சும். இதை அவர் விளக்கிச் சொன்னதே இல்லை, உதைப்பதோடு சரி.

மஸ்கட்டிலிருந்து நான் திரும்பி வந்த அன்று என் பெட்டியைப் பிரிக்கச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். கல்ஃப் பெட்டி என்றால் அப்படித்தான். கம்பளி, சென்ட், பால்பொடி என்று ஆளுக்கொன்று எதிர்பார்த்து நிற்பார்கள். கயிற்றை அறுத்துத் திறந்தால், கம்பளிக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்த இரண்டு இரும்பு ஸ்டாண்டு.

"இந்த எளவையா கடல் தாண்டிச் சொமந்துட்டு வந்தீரு?" என்றாள் என் மனைவி. அவள் அதை மறக்கவில்லை. பின்னால் இன்னொரு தடவை சொல்வாள்.

ஊரில் நான் சேர்ந்த ஒர்க்‌ஷாப் நெய்யூரிலிருந்து குளச்சல் போகிற ரோட்டில் இருந்தது. தகரக் கூரை, அடித்துக் கெட்டித்த செம்மண் தரை. கடற்கரை மீன் வண்டிகள் உப்பில் அடித்தட்டு அரித்துப் போய் வரும். மலைப்பக்கத்து எஸ்டேட் ஜீப்புகள் சேறு அப்பிப் போய் வரும். வண்டியைத் தூக்கினால் கருங்கல்லும் ரப்பர் மரத்துண்டும்தான் அங்கே முட்டு. போன மறுநாளே என் ஸ்டாண்டுகளைக் கொண்டுபோனேன். மழையில் ஊறிய மண்ணில் கால் புதையாமலிருக்க, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கனத்த இரும்புத் தகடு போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடியில் போகும்போது என் ஸ்டாண்டைத்தான் கேட்டார்கள்.

முதலாளி எங்கள் சபைக் கமிட்டியில் இருந்தவர். வெள்ளை வேட்டியில் ஒரு துளி கிரீஸ் பட்டு நான் பார்த்ததில்லை. காலையில் ஷட்டரைத் தூக்குமுன் எங்கள் எல்லாரையும் நிறுத்தி ஜெபம் செய்வார். குரலை உயர்த்தவே மாட்டார். அவரிடம் திட்டு வாங்க வேண்டுமென்றால்கூட நாம் கிட்டே போய்க் காது கொடுக்க வேண்டும். கோபம் வந்தால் "நல்லது" என்பார். ரொம்பக் கோபம் வந்தால் "ரொம்ப நல்லது" என்பார். அப்படி அவர் சொன்ன ஆளை மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் பார்க்க முடியாது. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். வேலைக்காரன் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் முடிவு செய்தது அத்தனையும் ஆண்டவர் முடிவு செய்தது என்று நம்பினார். அதுதான் தொல்லை.

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபைகளில் அவரவர் உழைப்பின் முதற்பலனைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைக்குலை, பலாச்சக்கை, மரச்சீனிக் கிழங்கு, கோழி, ரப்பர் ஷீட் என்று ஆலயத்துக்குள் குவியும். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம். ஒரு கோழிமுட்டைக்கு இரண்டு பேர் போட்டி போட்டு ஏற்றி விடுவதெல்லாம் உண்டு, அது முட்டைக்காக இல்லை, காணிக்கைக்குக் கொடுக்கிற மரியாதை.

அதில் எட்வின் தன் முதற்பலனைக் கொண்டுவந்தான். அப்போதுதான் வெல்டிங் கடை திறந்திருந்தான். அப்பா இல்லை. அவன் அம்மா அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்து, விரலெல்லாம் கறுத்து, அவனை வளர்த்தாள். கடையில் முதல் முதலாக அவன் செய்தது ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து என்னுடையதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுச் செய்தது. சில்வர் பெயின்ட் அடித்து, காலில் சிவப்பில் 'ஸ்தோத்திரம்' என்று எழுதியிருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு அவன் ஆலயத்துக்குள் நடந்து வந்தபோது எனக்கும் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஏலத்தில் முதலாளி விட்டுக்கொடுக்காமல் ஏற்றி எடுத்தார். சபையே சந்தோஷப்பட்டது.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். என் ஸ்டாண்டின் உருவம் அப்படியே வந்திருந்தது. உருவம் மட்டும்தான். கால்களில் வெளிப்பக்கம் வெல்டிங் அழகாக ஓடியிருந்தது. ராடு எட்டாத உள்பக்கத்தில் வெல்டிங்கே இல்லை, பெயின்ட் இருந்தது. பைப்புக்குள் பைப்பை விட்டு, உயரத்துக்குத் தக்கபடி குறுக்கே ஊசி போடுகிற மாதிரி செய்திருந்தான். அந்த ஊசி கட்டடக் கம்பியின் வெட்டுத்துண்டு. துளையை டிரில் போடாமல் கேஸ் தீயில் உருக்கி எடுத்திருந்தான். ஓட்டை கோணலாக, ஊசியைவிடப் பெரிதாக, உள்ளே கம்பி கடகடவென்று ஆடியது. வண்டியின் எடை முழுவதும் அந்தக் கம்பியின் ஒரு ஓரத்தில்தான் உட்காரும்.

முதலாளியிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். "முதலாளி, இது தண்ணி டிரம்முக்கு வைக்கலாம். ஆளு கெடக்குற வண்டிக்கு வேண்டாம்."

"நல்லது" என்றார்.

அந்த வாரமே அருமனைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜீப் வந்தது. கியர் பாக்ஸை இறக்க வேண்டும். காலையில் போனால் ஷட்டருக்கு முன்னால் எங்கள் சபை ஐயர், அதாவது போதகர், நிற்கிறார். எட்வின் நிற்கிறான். அவன் அம்மா பண்டிகைச் சேலையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். காணிக்கைச் சாமான் முதல் தடவை வேலைக்கு வருவதைப் பார்க்க முதலாளி அழைத்திருக்கிறார். ஜெபம் முடிந்தது. ஜாக்கியில் ஜீப்பின் முன்பக்கத்தைத் தூக்கினோம். என் ஸ்டாண்டை எடுக்கப் போனேன்.

"தாசு, இண்ணைக்கு உனக்கது வேண்டாம். இத வையி" என்றார் முதலாளி.

வைத்தேன். வண்டியும் இறங்கி உட்கார்ந்தது. பிறகு, "எனக்க ஸ்டாண்டும் பக்கத்துல சும்மா நிக்கட்டும் முதலாளி. இது தாங்கட்டும், அது பாத்துட்டு நிக்கட்டும்" என்றேன். அதைவிட ஒருவன் எவ்வளவு இறங்கி வர முடியும்?

"அப்பம் காணிக்கைய நம்பேல்லன்னு ஆவாதா?"

"ஆண்டவர நம்புதேன் முதலாளி. அந்தக் கம்பிய நம்பேல்ல. நான் அடியில போவமாட்டேன்."

எட்வினின் முகம் செத்துப்போயிற்று. ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்வினைப் பார்க்கச் சகிக்காமல்தான் செல்வம் முன்னால் வந்தான். என்னோடு ஜோடியாக வேலை செய்தவன், குளச்சல் கடற்கரைப் பையன், பயம் என்றால் என்னவென்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தாசண்ணே, எதுக்கு வழக்கு? நான் போறேன். கடல்ல பாக்காததா" என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சாக்கை விரித்து மல்லாந்தான். தலையும் தோளும் உள்ளே போய்விட்டன.

நான் யோசிக்கவில்லை. குனிந்து அவன் இரண்டு கணுக்காலையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சாக்கு ஒரு பக்கம் போக, சட்டை மேலே சுருள, சரளைக்கல்லில் முதுகு தேய அவன் வெளியே வந்தான்.

"உமக்கு என்ன, கோட்டியா பிடிச்சிருக்கு?" என்று கத்தினான். முதுகில் ரத்தம் வந்தது. அடிக்கக் கையை ஓங்கினான், ஐயர் நிற்பதைப் பார்த்து இறக்கினான்.

அப்போது முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒங்களுக்கு விசுவாசம் இல்லேன்னா நான் போறேன்" என்றார், அதே தாழ்ந்த குரலில். கணுக்காலைப் பிடித்து இழுக்க அவர் செல்வம் இல்லை. அவரை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் முதலாளி, ஆட்டிப் பாத்துட்டுப் போவலாம்" என்றேன். சரி என்றார்.

நாலு பேர் இடுப்பைக் கொடுத்து ஜீப்பை ஆட்டினோம். கிறீச்சென்று ஒரு சத்தம் வந்தது. விழும் என்று நான் நினைத்தேன். விழவில்லை. அசையாமல் நின்றது. எட்வினின் அம்மா இரண்டு கையையும் தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். செல்வம் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

நியாயமாகப் பார்த்தால் அங்கே நான் தோற்றுவிட்டேன். ஆனால் நான் தோற்றதை ஒப்புக்கொள்கிற ஆளில்லை, அப்போது ஒப்புக்கொள்ள வேண்டிய காரணமும் இல்லை. ஆட்டி விழுந்தால் ஸ்டாண்டு கெட்டது என்று தெரியும். ஆட்டி நின்றால் நல்லது என்று ஆகிவிடாது. கியர் பாக்ஸ் போல்ட் துருப்பிடித்திருக்கும். ஸ்பேனரில் பைப்பை மாட்டி அரைநாள் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்தக் கம்பி கோணல் ஓட்டைக்குள் கொஞ்சம் நகரும். இதைச் சொன்னால் யாரும் கேட்கிற நிலையில் இல்லை. முதலாளி சாக்கைச் சரியாக விரித்துக்கொண்டிருந்தார்.

நான் எட்வினைப் பார்த்துத் திரும்பினேன்.

"எட்வின், நீ செஞ்ச சாமான். முதல்ல நீ போய் அடியில கெட மக்கா. நீ போனா நானும் வந்து உனக்க பக்கத்துல கெடக்கேன். பிறகு ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அவன் கோழை இல்லை. ஸ்டாண்டை ஒரு தடவை பார்த்தான். உள்ளே வெல்டிங் எட்டாத இடம் அவனுக்குத் தெரியும், என்னைவிட நன்றாகத் தெரியும். இருந்தும் செருப்பைக் கழற்றினான். ஒரு அடி எடுத்து வைத்தான்.

அவன் அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மக்கா, நீ போவாண்டாம்."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லாருக்கும் கேட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை மட்டும் விடவில்லை.

முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கி விட்டார். ஐயர் ஒரு முடிவு ஜெபம் செய்தார், சுருக்கமாக. ஜீப்பை மறுபடியும் தூக்கி, என் ஸ்டாண்டில் இறக்கி, ஆட்டி, டயரை உள்ளே தள்ளி, நானும் செல்வமும் அடியில் போனோம். சாயங்காலத்துக்குள் கியர் பாக்ஸ் கீழே வந்தது. கை கழுவும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். கேட்பதற்கு நான் கிட்டே போக வேண்டியிருந்தது.

"ரொம்ப நல்லது, தாசு" என்றார்.

கைக்கு ஒன்றாக ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி வாசலில் நின்று என்னையும் அவற்றையும் பார்த்தாள். "இந்த எளவு வந்த அண்ணைக்கே சொன்னேன்" என்றாள். சொன்னாள்தான். ஆனாலும் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டுத் தனியாக ஒர்க்‌ஷாப் தொடங்கியபோது, முதல் வண்டியை ஆட்ட இடுப்புக் கொடுத்தது அவள்தான். ஓய்வு பெறும்வரை அங்கேதான் வேலை செய்தேன்.

என்மேல் குற்றம் சொன்னவர்கள் ஏராளம். ஒரு விதவையின் சந்தோஷத்தைச் சபைக்கு முன்னால் கெடுத்தான் என்றார்கள். வளருகிற பையனின் முதல் வேலையில் மண்ணள்ளிப் போட்டான் என்றார்கள். தாயின் வாயால் அதைச் சொல்ல வைத்திருக்க வேண்டாம் என்று என் தம்பியே சொன்னான். எல்லாம் சரி. அன்றைக்கு எனக்கு வேறு வழி இருந்ததா என்று மட்டும் எவனும் சொல்லவில்லை. செல்வம் போகலாம், நான் போகலாம், முதலாளிகூடப் போகலாம், ஆனால் எட்வின் போகக் கூடாது என்றால் அந்த ஸ்டாண்டைப் பற்றி அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்? அந்த இடத்தில் எனக்குச் சாதகமாகப் பேசியது எட்வினின் அம்மா ஒருத்திதான். இன்றுவரை என்னோடு பேசாமல் இருப்பதும் அவள் ஒருத்திதான். ஆலயத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். திருப்பட்டும். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான். கேட்டும் கிரில்லும் செய்து நன்றாக இருக்கிறான். 'ஸ்தோத்திரம்' ஸ்டாண்டுகள் பழைய ஒர்க்‌ஷாப்பில் தண்ணீர் டிரம்மைச் சுமந்துகொண்டு கிடந்தன. டிரம்முக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, எனக்கு ஆட்சேபணையும் கிடையாது.

ஆகவே வில்சா, ஸ்டாண்டு வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்க்காதே, வீடியோவில் பேசுகிறவன் சட்டையையும் பார்க்காதே. கவிழ்த்துப் போட்டு உள்ளே பார். வெல்டிங் சுற்றிவர இருக்கிறதா, கால் அகன்றிருக்கிறதா, பல் முழுசாக விழுகிறதா, குறுக்கே தடித்த ஊசி இருக்கிறதா என்று பார். எழுதியிருக்கிற டன் ஒன்றுக்கா இரண்டுக்கா என்று கேள். கடைக்காரன் முழித்தால் வெளியே வந்துவிடு. நல்ல ஸ்டாண்டையும் மண்ணில் வைக்காதே. உப்பு தின்ற தகட்டுக்கு அடியில் வைக்காதே, கெட்டியான சட்டத்துக்கோ அச்சுக்கோ கீழே வை. வைத்து ஆட்டு. இவ்வளவும் செய்த பிறகு யாராவது உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிட்டு உன் வேலையைப் பார்.

போன கிறிஸ்துமஸுக்குச் செல்வம் வந்தான். வருஷா வருஷம் வருவான், குளச்சலிலிருந்து ஒரு நெய்மீனைத் தூக்கிக்கொண்டு. இப்போது மீன் லாரி வைத்திருக்கிறான், பேரன் பேத்தி எடுத்துவிட்டான். வில்சன் ஸ்டாண்டைக் காட்டிவிட்டுப் போன பிறகு வந்த கிறிஸ்துமஸ் அது, அவனும் அப்போது என் வீட்டில் இருந்தான். செல்வம் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டையைத் தூக்கினான். தோளிலிருந்து இடுப்புவரை வெளுத்த கோடாகத் தழும்பு.

"இஞ்ச பாரும். இந்த மனுசன் இழுத்த இழுப்பு. அந்த ஸ்டாண்டு விழுந்திருக்கவே செய்யாது, கேட்டீரா? சும்மா கெடந்த எனக்க முதுக இவரு கிழிச்சாரு."

வருஷா வருஷம் இதையேதான் சொல்கிறான். விழுந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதை நிரூபிக்க அவன் உள்ளே கிடந்திருக்க வேண்டும். நான் வேலை செய்த காலம் முழுவதும், நான் நின்ற இடத்தில், ஸ்டாண்டு விஷயமாக ஒருவனுக்கு ஏற்பட்ட காயம் அது ஒன்றுதான். அதைச் செய்தது வண்டி இல்லை, நான்.

வில்சன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் 'பின்ன' என்று கேட்கவில்லை. செல்வம் சட்டையை இறக்கி விட்டு, மீனை வெட்டக் கத்தி எங்கே என்று என் மனைவியைக் கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் போனான்.